தலைகீழாக மாட்டிய மூக்குக்கண்ணாடி

அன்பு மகளே,

நேற்று மாலை நீ ஒரு புகைப்படத்தை எனக்கு அனுப்பி, அதன் கீழே "என்னாப்பா இது?" என்று ஒரே ஒரு கேள்வியை எழுதியிருந்தாய். எங்கள் தொழிற்சாலையின் வாட்ஸப் குழுவிலிருந்து கிளம்பிய படம், கிருஷ்ணகிரியில் உன் மாம்பழக்கூழ் ஆலையின் ஆய்வகம் வரைக்கும் அன்றைக்கே வந்து சேர்ந்திருக்கிறது என்றால், நம் மாவட்டத்தில் கூரியர் நிறுவனங்கள் பாடம் படிக்க வேண்டியது இந்தக் குழுக்களிடம்தான். படத்தில் இருப்பவன் நான்தான். என் மூக்கின்மேல் இருப்பது புது மூக்குக்கண்ணாடிதான். அது தலைகீழாக மாட்டப்பட்டு, பழைய பாதுகாப்புக் கண்ணாடியின் ரப்பர் பட்டையால் பின்தலையில் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதும் உண்மைதான். எனக்கு உடம்புக்கோ மனதுக்கோ எதுவும் ஆகிவிடவில்லை. சொல்லப்போனால், இந்த வாரம் நான் இருந்ததுபோல் இத்தனை உற்சாகமாக அண்மைக் காலத்தில் இருந்ததில்லை. ஃபோனிலேயே சொல்லிவிடுங்களேன் என்கிறாள் உன் அம்மா. ஃபோனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், வரிசை குலைந்துவிடும். வரிசை குலைந்தால் இந்தக் கதையில் நியாயம் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே எழுதுகிறேன்.

ஐம்பது வயது நிறைந்த அன்று நீ எனக்கு ஓர் இணையக் கண்ணாடிக் கடையின் பரிசுக் கூப்பனை அனுப்பினாய். "நீங்க பேப்பரைக் கையை நீட்டி நீட்டிப் படிக்கறதைப் பாக்க முடியலப்பா" என்றாய். நான் அன்று அச்சகத்தைக் குறை சொன்னேன், பிறகு நம் வரவேற்பறை விளக்கைக் குறை சொன்னேன். உண்மையில் அது வெள்ளெழுத்து என்பதை அளவீட்டு அறையில் மைக்ரோமீட்டரின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கியபோதே அறிந்திருந்தேன். ஒத்துக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம் வயது பற்றிய கூச்சம் அல்ல. மின்வண்டிகளுக்கான அந்தப் புதுக் கியரைப் பற்றி உனக்குத் தெரியும். வரைபடம் வந்த நாளிலிருந்து அதன் ஒவ்வொரு பல்லையும் நான் கனவிலும் அளந்துகொண்டிருந்தேன். அதன் முதல் தொகுதி வெளிநாட்டுக்குப் போகும்போது அளவு அறிக்கையில் அளவீட்டு அறைத் தலைவரின், அதாவது என், கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்திடும் எவரும் ஆண்டுதோறும் கிட்டத்து எழுத்தைப் படிக்கும் சோதனையில் தேறியிருக்க வேண்டும். தேறாதவர், தேறும்வரை கையெழுத்திடக் கூடாது. அந்த விதியை எழுதியவனே நான்தான். சோதனையும் முதல் தொகுதியின் ஆய்வும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தன. நான் தேறாவிட்டால் எனக்கு அடுத்த நிலையில் இருக்கும் நாகராஜ் கையெழுத்திடுவான். திறமையான பையன், முறைப்படி அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்தக் கியருக்கு என் கையெழுத்துதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தது. இதை உன்னிடம் மறைப்பானேன்.

கண் மருத்துவர் பார்த்துவிட்டு, இரண்டு கண்களுக்கும் பவர் ஒன்றாக இல்லை, வலது கண்ணுக்கு அதிகம், இடது கண்ணுக்குக் குறைவு, ஆகவே கடையில் தொங்கும் தயார் கண்ணாடி உதவாது என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் உன் கூப்பனை எடுத்துக்கொண்டு கைப்பேசியில் அந்தக் கடையைத் திறந்தேன். படிவத்தில் ஒரு முகத்தின் படம், நம்மைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் கீழே ஒரு பெட்டி. எங்கள் அறையில் புதிதாகச் சேரும் எவருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி, வரைபடத்தில் இடம் வலம் என்றால் அது பார்ப்பவரின் இடம் வலம் என்பது. அந்த விதியின்படியே படத்தின் வலப்பக்கப் பெட்டியில் வலது கண்ணின் பவரையும், இடப்பக்கப் பெட்டியில் இடது கண்ணின் பவரையும் நிரப்பினேன். பெட்டிகளுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ எழுத்து ஊர்ந்துகொண்டிருந்தது. படிக்க முடியவில்லை. படிக்கத் தேவையில்லை என்றும் நினைத்துவிட்டேன்.

கண்ணாடி வர வேண்டிய நாளில், சானமாவு காட்டில் யானைகள் சாலையோரம் நிற்கின்றன, வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், நாளைக்குத்தான் நம் உத்தனப்பள்ளிப் பக்கம் வர முடியும் என்று கொண்டுவருபவர் அழைத்துச் சொன்னார். யானை நின்றால் நாம் யாரிடம் புகார் சொல்வது. மறுநாள், சனிக்கிழமை, பெட்டி வந்தது. மாட்டிக்கொண்டு செய்தித்தாளை விரித்தேன். எழுத்துகள் ஒருபக்கம் பொங்கி மறுபக்கம் கரைந்தன; எழுந்து நடந்தால் தரை என் கால் போவதற்கு முன்பே போனது. உன் அம்மா, "ஏங்க, புதுசா கப்பல்ல ஏறினவர் மாதிரி செவுத்தைப் புடிச்சுட்டு நிக்கறீங்க" என்றாள். நான் அன்றைக்கே உட்கார்ந்து அந்தக் கடைக்கு ஒரு புகார் எழுதினேன். எங்கள் தொழிற்சாலைக்கு வரும் பழுதான உதிரிபாகத்துக்கு எப்படி எழுதுவேனோ அதே வடிவம்: பொருளின் விவரம், காணப்பட்ட குறை, குறையின் தன்மை, எதிர்பார்க்கப்படும் நடவடிக்கை. அதைப் படித்தது ஒரு தானியங்கி இயந்திரம். "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்" என்று பதில் வந்தது. நான் எந்த உணர்வையும் தெரிவிக்கவில்லை, குறையை மட்டுமே தெரிவித்திருக்கிறேன் என்று திருத்தி அனுப்பினேன். அதற்கும் அதே பதில் வந்தது. அடுக்களையிலிருந்து உன் அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மனிதக் குரல் அழைத்தது. சௌம்யா என்று பெயர் சொன்ன அந்தப் பெண் பெங்களூரிலிருந்து பேசினாள். முதலில் ஆங்கிலம், நான் ஓசூர்ப் பக்கம் என்றதும், "ஓசூரா சார்? எங்க அத்தை வீடு பாகலூர்தான்" என்று கன்னடம் கலந்த தமிழுக்கு இறங்கிவிட்டாள். சிலருக்குப் பழக நாளாகும் என்று தொடங்கியவளிடம், வெள்ளிக்கிழமை எனக்குச் சோதனை என்பதையும் அதில் என்ன அடங்கியிருக்கிறது என்பதையும் சொன்னேன். சரி, ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு படித்துப் பாருங்கள் என்றாள். இடது கண்ணை மூடினேன். வலது கண்ணுக்கு எழுத்து கலங்கலாகவே இருந்தது. வலது கண்ணை மூடினேன். இடது கண்ணுக்குத் தேவைக்கு மேல் பெரிதாக வந்து முட்டியது. அந்த நொடியில் எனக்குள் ஏதோ துள்ளியது, மகளே. ஒரு புதிரின் கடைசித் துண்டு கையில் அகப்படும்போது வரும் துள்ளல் அது. கண்ணாடியைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, கையாலேயே கண்ணருகே பிடித்தேன். வலப்பக்க லென்ஸ் இடது கண்ணுக்கும், இடப்பக்க லென்ஸ் வலது கண்ணுக்கும் வந்தன. செய்தித்தாள் அப்படியே அசையாமல் நின்றது. அரிசி விலையிலிருந்து வரன் தேவை வரை ஒவ்வொரு எழுத்தும் பிறந்த அன்று இருந்ததைப் போல் கூர்மையாக நின்றது.

"லென்ஸ் இடம் மாறியிருக்கிறது அம்மா" என்று நான் ஏறக்குறையக் கூவினேன். "ஒந்து நிமிஷ சார்" என்று போனவள் திரும்பி வந்து, லேபில் லெஃப்ட் ரைட் மாற்றி மாட்டியிருப்பார்கள், அப்படியே பதிவு செய்துவிட்டேன், இலவசமாகப் புதுக் கண்ணாடி அனுமதி ஆகிவிட்டது, உங்கள் சோதனையைச் சொல்லி அவசரத்தில் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை கைக்கு வந்துவிடும் என்றாள். நான் அவளுக்கு இரண்டு முறை நன்றி சொன்னேன். பிறகு அந்தக் கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தேன். கொசுவர்த்திப் பெட்டியின் பின்புறம், கேஸ் அடுப்பின் எச்சரிக்கைக் குறிப்பு, உன் பழைய பள்ளி அடையாள அட்டை, எல்லாவற்றையும் சத்தம் போட்டுப் படித்தேன். உன் அம்மாவின் முகத்தைக்கூடக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். புருவத்துக்குள் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. இத்தனை காலமாக எனக்கு அது தெரியாது. "இப்பதான் பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

படித்துக்கொண்டே போனவன் கைப்பேசியில் என் ஆர்டரையும் திறந்தேன். அதே முகம், அதே பெட்டிகள். சாம்பல் நிறத்தில் ஊர்ந்துகொண்டிருந்த எழுத்து இப்போது நிமிர்ந்து நின்றது. நான் வலது கண்ணின் பவரை எழுதியிருந்த பெட்டியின் கீழே, "உங்கள் இடது கண்" என்று இருந்தது. நம்மைப் பார்த்து நிற்கும் முகத்துக்கு நம் வலப்பக்கம் இருப்பது இடது கண்தானே. லேபில் யாரும் எதையும் மாற்றி மாட்டவில்லை. நான் கேட்டதை எழுத்துப் பிசகாமல் செய்து அனுப்பியிருக்கிறார்கள். என் விதியே என்னை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது.

உனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்த காலை நினைவிருக்கிறதா? குடியிருப்பின் காலி மனையில் நான் உனக்கு எதிரே நின்றுகொண்டு, "இடது, இடது" என்று கத்தினேன். நீ உன் இடதுக்குத் திருப்பிப் பால் சொசைட்டிச் சுவரில் போய் முட்டினாய். நான் சொன்னதோ என் இடது, அதாவது உன் வலது. கோபம் வந்ததும் எனக்குத்தான். உன் முழங்காலில் மஞ்சள் பூசியபடி, சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லை என்று உன்னையே கடிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிக்கும் முகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சுவர்தான் கண்ணுக்குள் வந்தது. சுவரிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை; உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். வியாழக்கிழமை கண்ணாடி வந்துவிடும், வெள்ளிக்கிழமை தேறிவிடுவேன், கியருக்குக் கையெழுத்திடுவேன், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்தபடியே, "அந்த லேப்ல மாட்டினவனுக்கும் ஒரு வீடு இருக்கும். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிட்டு வந்து அவன் பொண்டாட்டி மேலதான் எரிஞ்சு விழுவான். எனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாதா என்ற அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் எங்கள் திருமண வாழ்வின் ஒரு பகுதியே இருந்தது. நான் சௌம்யா கொடுத்திருந்த எண்ணை அழைத்தேன்.

"அதான் அப்ரூவ் ஆயிடுச்சே சார். மறுபடி எதுக்கு?" என்றாள்.

தவறு என்னுடையது, பெட்டியை நான்தான் மாற்றி நிரப்பினேன், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். அவள் விசைப்பலகையைத் தட்டியபடியே பேசினாள்.

"விட்டுடுங்க சார். இதை யாரும் திறந்து பாக்க மாட்டாங்க."

"லேபில் மாட்டினவங்களுக்கு என்ன ஆகும்மா?"

"அவங்க பேர்ல ஒரு எரர் ஏறும். அது உங்களுக்கு வராது சார்."

"அதுதான்மா எனக்கு வேண்டாம்."

"வாபஸ் வாங்கினா ஃப்ரீ கண்ணாடி போயிடும், பாத்துக்கோங்க. பவர் போட்டதுக்கு ரிட்டர்ன் கிடையாது. வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தெரியும் என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். என்னைப் பாராட்டுவாள் என்று எனக்குள் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும், அவளோ, "ரொம்ப வேலை வெச்சிட்டீங்க சார். இப்ப நான் மேல இருக்கறவங்க எல்லாருக்கும் மெயில் போட்டு விளக்கணும்" என்றாள். நியாயமான கோபம். அதே மூச்சில் புதிய ஆர்டரைத் தானே போட்டுத் தருவதாகவும் சொன்னாள். படிவத்தில் நீங்கள் கையே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, "எந்தக் கையில சாப்பிடுவீங்க சார்?" என்றாள். வலது கை என்றேன். "சாப்பிடற கைப்பக்கத்துக் கண்ணு. அந்தப் பவரை மட்டும் முதல்ல சொல்லுங்க." இத்தனை ஆண்டுகளாக நான் எழுதிய எந்த விதியிலும் இவ்வளவு குழப்பமற்ற ஒரு வரையறை இருந்ததில்லை. சொன்னேன். ஆனால் அவசரத்தில் போட இம்முறை வழியில்லை, வெள்ளிக்கிழமையும் தாண்டி அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றாள். ஓசூர்க் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்காரரிடம் லென்ஸ்களைக் கழற்றி மாற்றிப் போட முடியுமா என்று கேட்டேன். ஃபிரேம் வட்டமாக இருந்தால் பார்க்கலாம், இதில் இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு, மாற்றினால் லென்ஸ் உட்காராது, புதிதாகச் செய்தாலும் அடுத்த வாரம்தான் என்று கையை விரித்துவிட்டார்.

ஆக, வெள்ளிக்கிழமை என்னிடம் இருந்தது தலைகீழாகப் பிடித்தால் மட்டும் வேலை செய்யும் ஒரு கண்ணாடி. திங்களும் செவ்வாயும் நான் நாகராஜுக்கு அறிக்கையை ஒப்படைக்க மனதைத் தயார்செய்துகொண்டிருந்தேன். புதன்கிழமை மதிய உணவின்போது என் விதியை நானே எடுத்துப் படித்தேன். சோதனையின்போது அணியும் கண்ணாடியையே பணியின்போதும் அணிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். கையில் பிடித்திருக்கக் கூடாது. அளக்கும்போது இரு கைகளும் வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. என்னைப் போன்றவனுக்கே அது எழுதத் தோன்றவில்லை என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. கிடங்கிலிருந்து கழித்துப்போட்ட பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி, அதன் பட்டையை உருவி, என் கண்ணாடியின் இரு கால்களிலும் கட்டினேன். மூக்கில் உறுத்தாமலிருக்க உன் அம்மா ஒரு துணித்துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். அவளால் என்னைப் பார்த்தபடி ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சிரிப்பில் கை ஆடியது. கோத்தவன் நான், மகளே. முதல் முயற்சியில்.

வெள்ளிக்கிழமை காலை அளவீட்டு அறையில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். சோதனை நடத்துபவர் எங்கள் மருத்துவ அறைச் செவிலியர், சேலத்துக்காரர், யாருக்கும் சலுகை காட்டாதவர். வாடிக்கையாளர் நிறுவனத்தின் பிரதிநிதியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் பையிலிருந்து எடுத்து மாட்டி, பட்டையை இழுத்துவிட்டேன்.  நாகராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஏன் சார், நாளையிலிருந்து நாங்களும் இப்படித்தான் மாட்டணுமா? புது ரூலா?" என்றான். அத்துடன் அறையே சிரிப்பில் வெடித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, பார்ப்பவரின் இடம் வலம் என்று நான் கற்றுக்கொடுத்த விதியை மனித முகத்தின்மேல் வைத்ததால் நேர்ந்த தவறு இது, கடையின் தவறு அல்ல, முழுவதும் என்னுடையது என்று சொன்னேன். செவிலியரிடம், இப்படி அணிந்து படிப்பது செல்லுமா என்று தீர்ப்புக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எழுத்து தெரியுதா இல்லியா, அதானுங்க சார் கேள்வி. படிங்க" என்றார். கடைசி வரியை, மிகச் சிறிய வரியை, நிறுத்தாமல் படித்தேன். அவர் பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அப்போதுதான் யாரோ அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள். பிரதிநிதி என்னிடம் வந்து, இதில் ஏதாவது வேண்டுதல் உண்டா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றேன். மாலை வரை அதைக் கழற்றாமல் அவர் கண்முன்னாலேயே ஒவ்வொரு கியரையும் அளந்தேன். மைக்ரோமீட்டரின் கோடுகள் தனித்தனியாக, வயலில் நாற்று நட்டதுபோல் நின்றன. ஷிஃப்ட் முடிவதற்குள் அறிக்கையில் கையெழுத்திட்டேன்.

நீ திங்கள்கிழமையிலிருந்து உன் ஆலையில் கூழ்த் தொகுதிகளை வெளியே அனுப்பக் கையெழுத்திடப் போகிறாய். மாம்பழக் காலத்தில் அந்த அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாசலில் லாரி, தொலைபேசியில் மேலாளர், உன் கையில் பேனா. "அதான் அப்ரூவ் ஆயிடுச்சே" என்று உன்னிடமும் சொல்வார்கள். சொல்பவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். சௌம்யாவைப் போல உனக்கு நல்லது செய்ய நினைப்பவர்களாகவே இருப்பார்கள், அதுதான் சிரமம். அந்த நேரத்தில் உன்னிடம் நான் வேண்டுவது ஒன்றே: கையெழுத்திடுவதற்கு முன்னால், அதில் தவறு இருந்தால் அது யாருடைய பேரில் போய் ஏறும் என்று கேட்டுப் பார். உன் பேரிலேயே ஏறுமானால் வெட்கப்படாதே. ஒரு நாள் முழுக்க ஊர் சிரித்தால்கூட மாலைக்குள் ஆறிவிடுகிறது, சோதித்துவிட்டேன். சின்ன எழுத்துகளைப் படிக்காமல் எதையும் வாங்காதே என்பதும் உண்டு, ஆனால் அதைச் சொல்லும் தகுதி எனக்குச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகுதான் வரும்.

எங்கள் கியரின் முதல் தொகுதி திங்கள்கிழமை விடிந்ததும் தொழிற்சாலை வாயிலைத் தாண்டுகிறது. உன் அம்மாவும் நானும் போய் நின்று வழியனுப்பப் போகிறோம். அவள் என்ன புடவை என்றுகூட எடுத்து வைத்துவிட்டாள். லாரி சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறது, ஆகவே கிருஷ்ணகிரி வழியாகத்தான் வர வேண்டும், உன் ஆலை இருப்பதோ நெடுஞ்சாலை ஓரத்தில். காலைத் தேநீர் வேளையில் கொஞ்சம் வெளியே வந்து நில். நீல நிறத் தார்ப்பாய், மஞ்சள் கயிறு. ஓட்டுநரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், உன்னைப் பார்த்தால் ஹாரன் அடிப்பார். அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே இருப்பவற்றை ஒவ்வொன்றாக நான் பார்த்தாகிவிட்டது. நீ லாரியைப் பார்த்தால் போதும்.

உன் அப்பா